குளிர்ச்சி காற்றிலா, மனதிலா? டெக்கார்ட்டும் இரண்டு வைட்ஹெட்களும்

செங்கோட்டையில் சீசன் நேரத்தில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்றோடு சாரல் விழும்போது, தெர்மாமீட்டர் காட்டுவதைவிட உடம்புக்குக் கூடுதலாகவே குளிரும். நனைந்த தோலிலிருந்து நீர் ஆவியாகையில் வெப்பத்தையும் கொண்டுபோகிறது; காற்று அதை விரைவுபடுத்துகிறது. இவ்வளவும் இயற்பியல். அந்தச் சில்லிப்பு எங்கே இருக்கிறது?

பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட்டின் (1641) கணக்கில் துளியின் அளவும் வேகமும் வெளியே, சில்லிப்பு மனத்துக்குள்ளே. அளக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க அறிவியலுக்கு இது பெரிய வசதி. ஆனால் இடத்தை அடைக்காத மனம் உடலை எப்படி அசைக்கும் என்று பொஹீமிய இளவரசி எலிசபெத் 1643இல் கடிதம் எழுதிக் கேட்டார். டெக்கார்ட் தந்த விடை எலிசபெத்துக்குப் போதவில்லை. மனமே கிடையாது என்று சொல்லும் பொருள்முதல்வாதிக்கும் சில்லிப்புக்கு இடம் காட்ட வேண்டிய பாக்கி இருக்கிறது.

1920இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஏ. என். வைட்ஹெட் 'The Concept of Nature' என்ற நூலில் இந்தப் பிளவையே மறுத்தார். மூலக்கூறு எவ்வளவு இயற்கையோ, அந்திச் சிவப்பும் அவ்வளவு இயற்கை, சில்லிப்பும் அப்படியே. இயற்கை நிகழ்வுகளால் ஆனது. ஒரு மணி நேரச் சாரலுக்குள் ஒரு நிமிடம், அதற்குள் ஒரு நொடி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். 'கணம்' என்பது அந்த வரிசை நெருங்கும் எல்லை, கையில் கிடைக்கும் பொருளல்ல. மனத்தைப் பற்றி இங்கே அவர் வேண்டுமென்றே பேசவில்லை. பலர் கோட்டைவிடும் இடம் இது: 1929இன் கருத்தை 1920இன் நூலில் தேடுவார்கள்.

1929இல் அதே வைட்ஹெட் எழுதிய 'Process and Reality' நூலில் மனம் உள்ளே வருகிறது. ஒவ்வொரு அடிப்படை நிகழ்வுக்கும் பௌதிக முனை, மன முனை என இரண்டு உண்டு. முந்தைய நிகழ்வுகளை உள்வாங்கி அது தன்னை முழுமையாக்கிக்கொள்ளும். உடனே "கல்லுக்கும் மனமா?" என்பார்கள். இல்லை. கல் ஒரு குவியல். அதற்கென்று ஒன்றுபட்ட அனுபவம் கிடையாது. தெளிந்த உணர்வு அபூர்வமாகவே நிகழும். உண்மையான சிக்கல் வேறு: எண்ணற்ற சிற்றனுபவங்கள் எப்படி ஒரே 'நான்' ஆகின்றன? அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே இதை எழுப்பிவிட்டார். உடலின் நிகழ்வுகளைத் திரட்டிக்கொள்ளும் தலைமை இழை ஒன்று உண்டு என்ற வைட்ஹெட்டின் விடை எனக்குப் பாதிதான் ஒட்டுகிறது.

(சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்தச் சண்டையே வேடிக்கையாக இருக்கும். அங்கே மனமும் மாயையில் தோன்றிய சடம். கோடு விழுவது மனத்துக்கும் உயிருக்கும் நடுவே.)

சில்லிப்புக்கு இயற்கையில் இடம் வேண்டும் என்பவருக்கு 1920இன் நூல் போதும். முதலில் அதன் இரண்டாம் அத்தியாயத்தைப் படிக்கலாம். உயிரற்றதிலிருந்து உணர்வு எப்படி வந்தது என்று கேட்பவர் 1929இன் நூலுக்குத்தான் போயாக வேண்டும், ஜேம்ஸின் கேள்வியையும் சுமந்துகொண்டு.