வன்னியைப் பகலில் கடந்து பாருங்கள்

இந்த முறை ஊருக்கு வெளிக்கிடும்போதே வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்தேன், இரவுப் பயணம் எனக்கு வேண்டாம், எவ்வளவு நேரம் போனாலும் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே பரந்து கிடக்கிற வன்னியைப் பகலில்தான் கடந்து வருவேன் என்று. சித்தப்பாவுக்கு அது விளங்கவே இல்லை. கட்டுநாயக்காவில் இறங்கி, இரவோடு இரவாக வான் பிடித்து, விடியக் காலையில் யாழ்ப்பாணத்தில் கண் முழிப்பதுதானே வெளிநாட்டில் இருந்து வாற எல்லாரும் செய்வது, பகலில் வந்து வெயிலில் காய்வானேன் என்பது அவருடைய கதை. அதிலும் நான் இருப்பது சுவிசில், இன்டர்லாக்கனுக்குக் கிட்ட, உலகமே காசு கட்டி வந்து படம் பிடிக்கிற இடம். அங்கே பார்க்காத எதை வன்னியில் பார்க்கப் போகிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மலைக்குக் கீழே குடியிருக்கிறவனுக்குத்தான் தெரியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை போய் முட்டுகிறது, மாரி காலத்தில் பின்னேரத்துக்கு முன்னமே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். ஒரு கரையிலிருந்து மறு கரை வரை முழு வானமும் தெரிகிற நிலத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

இரவுச் சொகுசு பஸ்சில் முன்பு வந்திருக்கிறேன், பெயர் வேண்டாம். கம்பளி போர்த்தாலும் நடுங்க வைக்கிற ஏசி, நடுச்சாமம் தாண்டியும் சத்தமாகப் படம், யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை. வாடகை வான் என்றால் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள். இரண்டிலும் வன்னி ஊடாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி முழுவதையும் ஒரு சுரங்கம் மாதிரிக் கடந்து வந்து, ஊர் மாறவே இல்லை என்று சொல்கிற ஆட்களை எனக்குத் தெரியும், நடுவில் எதையாவது பார்த்திருந்தால்தானே.

ஆகவே கொழும்புக் கோட்டை நிலையத்தில் யாழ்ப்பாண ரயில், யாழ்தேவி. ஏசிப் பெட்டியை வேண்டுமென்றே விட்டுவிட்டு இரண்டாம் வகுப்பில் யன்னல் கரை ஆசனம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் நின்றுகொண்டு வர நேரும். இரண்டாம் வகுப்பில் யன்னலைத் திறக்கலாம் என்பதுதான் விஷயம். தூசி வரும், அனல் வரும், இறால் வடை வாசமும் வரும். ஓமந்தை தாண்டினால் மாங்குளம் வரை பெரும்பாலும் காடுதான், அங்கே கொஞ்சம் கண்ணயரலாம். கிளிநொச்சி தாண்டி பரந்தன் வரும்போது எழும்பி இருங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணியில் விளையும் காலபோக நெல், மாரிப் போகம், நான் போனது தை மாதம், கதிர் தள்ளி, பச்சை மெல்ல மஞ்சளுக்குத் திரும்புகிற பருவம். வரம்பு, கொக்கு, எங்கேயோ ஒரு உழவு இயந்திரம், அதற்கு அப்பால் அடிவானத்தில் பனைகள். வேறு ஒன்றுமே இல்லை. பிறகு வயல் முடிந்து ஆனையிறவு, இரண்டு பக்கமும் பரவைக்கடல், முழங்கால் அளவு தண்ணி கூட இருக்குமோ தெரியாது, சேறும் தண்ணியும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. ரயில் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது, கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன என்றிருந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லாமல் போனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. திரும்ப ரயில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014 ஒக்டோபரில். நான் சின்ன வயதில் இந்தப் பரவையைக் கடந்தது போர்க்காலத்தில் கிளாலி என்ற கரையால், இரவில், வள்ளத்தின் அடியில் அம்மாவின் மடியோடு ஒட்டிக் குந்தியிருந்து, ஒரு தீக்குச்சி கூடக் கொளுத்தக் கூடாது. எனவே இது எவ்வளவு அகலம் என்பதை இப்போதுதான் வெளிச்சத்தில் பார்க்கிறேன்.

இந்த வெறுமையை எல்லாம் இயற்கையின் கணக்கில் எழுத முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நிற்கின்றன. சனம் திரும்பி வந்து தோட்டம் செய்ய வேண்டிய காணி அது. அதைப் பார்த்து ‘ஆகா, என்ன அமைதி’ என்று படம் எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மன்னார் வீதி, ஏ32. யாழ்ப்பாணத்திலிருந்து தனியார் பஸ்சில் போனேன், பாட்டு காது கிழிந்தது, ஆனால் யன்னல் எல்லாம் திறந்திருந்தது, நடத்துநர் மிச்சக் காசை மறக்காமல் கொண்டுவந்து தந்தார். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்ததும் பூநகரி. அங்கே இறங்கி கௌதாரிமுனைக்கு ஓட்டோ பேசினேன். பெடியன் ஒரு மாதிரிப் பார்த்தான். “அங்க என்னண்ணை இருக்கு? வெறும் மணலும் கடலும்தான்.” அதைத்தான் பார்க்க வேண்டும் தம்பி என்றேன். போகிற வழியில் தரவைப் புல்வெளியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, மேய்ப்பவர் யாரையும் காணவில்லை, மணல் பாதையில் ஓட்டோ இரண்டு இடத்தில் புதைந்து இறங்கித் தள்ளினோம். மண்ணித்தலையில் சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இடிந்து நிற்கிறது, அதைச் சுற்றி மணல், மணலுக்கு அப்பால் கடல். திரும்பி வரும்போது பெடியனே இரண்டு இடத்தில் நிறுத்தி, அண்ணை இதையும் பாருங்கோ என்று காட்டினான். பேசிய கூலிக்கு மேலே கேட்கவில்லை, நான்தான் கொடுத்தேன்.

பூநகரிக்குத் தெற்கே முழங்காவில், வெள்ளாங்குளம், விடத்தல்தீவு என்று வீதி நீண்டுகொண்டே போகிறது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிற தாம்போதியில் இன்னொரு ஓட்டோக்காரரை நிறுத்தச் சொன்னேன், வங்காலைச் சரணாலயத்தின் சதுப்பில் பூநாரைகள், கூட்டமாக, வெகு தூரத்தில். 2010இலிருந்து அது, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் உள்ள இடம். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். தூர நின்று பார்க்கும்போது அழகாகத்தான் சுழல்கின்றன, ஆனால் மீனவரும் அயலில் இருக்கிறவர்களும் இன்னும் கொண்டுவந்து நடாதீர்கள் என்று போராடுகிறார்கள். பார்த்துவிட்டுப் போகிறவன் அதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

குறை என்றால் கழிப்பறை. பூநகரிக்கும் மன்னாருக்கும் இடையில் ஒழுங்கான ஒன்று என் கண்ணில் படவில்லை, வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதை யோசித்துத்தான் போக வேண்டும். சாப்பாட்டுக்கு ஏ9 பக்கம் கவலை இல்லை, கிளிநொச்சி அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் கண் முன்னாலேயே சமைத்துத் தருகிறார்கள், குரக்கன் புட்டு சூடாக, விலை மிகக் குறைவு. முறிகண்டியில் எப்படியும் எல்லா வாகனமும் நிற்கும், பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துவிட்டுக் கச்சான் வாங்கிக்கொள்ளலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஆடி, ஆவணியில் வருகிறவர்கள் இதே நிலத்தைக் காய்ந்த புல்லும் வெடித்த சேறுமாகத்தான் பார்ப்பார்கள், அதுவும் பார்க்கத் தகுந்ததுதான், ஆனால் பூநாரைகளை நம்பி அப்போது போகாதீர்கள். பச்சையும் பறவையும் வேண்டுமென்றால் தை, மாசி. மன்னார் பஸ்சில் சாரதி இருக்கிற பக்கம், வலப்பக்கம் இருங்கள், கடல் அந்தப் பக்கம். பின்னேர வெயிலும் அந்தப் பக்கம்தான் அடிக்கும், அதனால் காலைப் பஸ்சைப் பிடியுங்கள்.