விறகுக் கரி சுடுறதா, உமியை அமத்தி எரிகட்டி செய்யிறதா, வன்னியில எதுக்கு அனுமதி லேசு?

ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் காணி வச்சிருக்கிற கொஞ்சப்பேர் இதைத்தான் யோசிக்கினம். கரிக்கு முதல் தலையிடி மரம்தான், எந்தக் காணியில வெட்டினது, ஏத்திறதுக்குப் பெர்மிட் எங்க எண்டு வன இலாகாவும் கேக்கும் ரோட்டில பொலிசும் கேக்கும், அதுக்குமேல மண்சூளையில 1 கிலோ கரிக்கு குறைஞ்சது 4, 5 கிலோ விறகு போயிடும், புகைக்குப் பக்கத்து வளவுக்காரர் பிரதேச சபைக்கு பெட்டிசம் போட்டா அலுவல் முடிஞ்சுது. உமி அப்பிடியில்லை, 100 கிலோ நெல்லில 20 கிலோக்கிட்ட உமிதானே, மில்லடியில குவிஞ்சு கிடக்கு, எங்க வெட்டினனீ எண்டு ஒருத்தரும் கேக்கேலாது. ஆனா உமியைக் கட்டியா அமத்திற மிஷின்ர சத்தமும் தூசும் இருக்கு, கட்டி எரிஞ்சா சாம்பலும் அதிகம் (கரண்ட் பில்லைப் பற்றி கதைக்காதேங்கோ). எதைச் செய்தாலும் கொட்டில் போட முதல் சபையிட்டயும் சுற்றாடல் அதிகாரசபையிட்டயும் கேளுங்கோ. என்னைக் கேட்டா உமிதான், கரிதான் வேணுமெண்டா வேலிக் கிளிசீரியாக் கொப்போட நிப்பாட்டுங்கோ.