யூடியூப் மட்டும் ஓடும் பக்கேஜ்: மூன்று ஆண்டு அனுபவம்

மூதூரில் இருக்கும் என் சித்தியின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அழைத்தான். "அண்ணா, நீங்கள் போட்டிருக்கும் யூடியூப் பக்கேஜையே நானும் போடட்டுமா? பெறுபேறு வருவதற்குள் எடிட்டிங் பழகிவிட வேண்டும். கம்பஸ் கிடைக்காவிட்டாலும் அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம்தானே?" என்றான். ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். முடியவில்லை. மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்த நன்றியும் கோபமும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து நின்றன. ஆகவே எழுதுகிறேன்.

பக்கேஜைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. மாதம் ஒருமுறை ரீலோட் செய்தால் யூடியூப் அளவில்லாமல் ஓடும். வேறு எதைத் திறந்தாலும் சாதாரண டேட்டாவில் கழியும்; அது இல்லையென்றால் திறக்காது. என்னுடையதில் படத்தின் தரம் 480பிக்கு மேல் ஏறாது, இரவு எட்டு மணிக்குப் பிறகு 240பிக்கு இறங்கிவிடும். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. இந்த வகைப் பக்கேஜ் எதைப் போட்டாலும் நான் சொல்வது பொருந்தும்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் முதலாம் ஆண்டில் எனக்கு லீனியர் அல்ஜிப்ரா என்ற கணிதப் பாடம் ஏறவே இல்லை. பாடசாலையில் எல்லாவற்றையும் தமிழில் படித்தவன் நான். தாயம் (மேட்ரிக்ஸ்), நிரை (கிடை வரிசை), நிரல் (நெடு வரிசை), காவி (வெக்டர்) என்று தெரிந்த விடயங்கள்தாம் ஆங்கிலப் பெயரில் வந்து முன்னால் நின்றபோது அவற்றை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்போதுதான் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் வகுப்பைக் கண்டெடுத்தேன். 1999ஆம் ஆண்டு பதிவான வகுப்பு அது. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. முதல் பாடத்தில் இரண்டே இரண்டு சமன்பாடுகளை எழுதுகிறார். அவற்றை நிரை நிரையாகப் பார்த்தால் இரண்டு கோடுகள். எக்ஸ் 1, வை 2 என்ற இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. இது எங்களுக்குப் பத்தாம் வகுப்பிலேயே தெரியும். அடுத்து அதே எண்களை நிரல் நிரலாகப் பார்க்கச் சொல்கிறார். கோடுகள் மறைந்து இரண்டு காவிகள் வருகின்றன. முதலாவதை ஒரு மடங்கும் இரண்டாவதை இரண்டு மடங்கும் எடுத்துக் கூட்டினால் வலப்பக்கத்து விடை வந்து நிற்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் போய், மூன்று தடவை பார்த்தேன். உப்புவெளியில் என் அறையில் மின்விசிறியைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு பாடம் புரிவது என்றால் என்னவென்று எனக்கு அன்றிரவு தெரிந்தது.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். படம் 240பியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கரும்பலகையில் எழுதியது முழுவதையும் வாசிக்க முடிந்தது. அவர் பெரிதாக எழுதுகிறார், எழுதுவதைச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார், வெண்கட்டியின் கோடு தடிப்பாக விழுகிறது. அதே தரத்தில் ஒரு புரோகிராமிங் பாடத்தைப் பார்த்தால் அரைப்புள்ளி எது, முக்காற்புள்ளி எது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. திரை முழுக்கச் சாம்பல் நிற எறும்புகள்தாம். மட்டமான இணைப்போடு படிக்கும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையை விஞ்சிய கருவி இன்னும் வரவில்லை என்பதை நான் அடித்துச் சொல்வேன். மின்னியல் வெண்பலகையில் பொடி எழுத்தில் பாடம் நடத்தும் நம்முடைய ஆசிரியர்கள் தங்கள் காணொளியை ஒருமுறை 240பியில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

நான் புரோகிராமிங் பழகியது பெரும்பாலும் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளில். நல்ல மனிதர்கள், பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். பாடத்தின் நடுவில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "கீழே இணைப்பு கொடுத்திருக்கிறேன், கோப்பை இறக்கி நீங்களே செய்து பாருங்கள்." நான் அழுத்துவேன். வெள்ளைத் திரை வரும். நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அவ்வளவுதான். கோப்பு வேறு தளத்தில் இருக்கிறது, அதற்கு என் பக்கேஜில் இடமில்லை. பின்னால் வந்தால் காணொளி விட்ட இடத்திலிருந்து தங்கு தடையில்லாமல் ஓடும்.

மூன்று ஆண்டுகளில் இந்த வெள்ளைத் திரையை எத்தனை நூறு தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே எரிச்சல்தான். பார்ப்பது எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம், செய்து பார்ப்பதற்குக் காசு. கோப்பை இறக்குவது, பிழையைத் தேடி இன்னொருவர் எழுதியதை வாசிப்பது, வேலைக்கு விண்ணப்பிப்பது எல்லாம் வேலியின் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் இருப்பது ஒரு பெரிய திரையரங்கு மட்டும்.

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு டேட்டாக் கட்டணம் வைப்பதை அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பெப்ரவரியிலேயே தடை செய்துவிட்டது. அவர்களுடைய மாணவனிடம் இருக்கும் ஒரு ஜிபி எந்தத் தளத்துக்கும் ஒரு ஜிபிதான். ஆகவே பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் ஒருவன் பாடத்தை முழுவதும் கேட்டுவிட்டு இணைப்பைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பான் என்று அவர்களுக்குத் தோன்ற வழியில்லை. நம் இலங்கையில் செய்ய முடியாத காரியமும் அல்ல இது. 2020இல் கொரோனா வந்தபோது பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களுக்கு டேட்டா கழியாமல் திறந்து விட்டார்கள். எந்தச் சேவையகத்திலிருந்து தரவு வருகிறது என்று பார்த்துத்தான் கட்டணக் கணக்குப் போடுகிறார்கள். யூடியூப்புக்குக் கதவைத் திறக்கத் தெரிந்தவர்களுக்கு நூலகத்துக்கும் திறக்கத் தெரியும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள். ஒப்படைப்பைப் பதிவேற்ற நள்ளிரவு வரை நேரம் இருந்தது. வேலையை முடித்தபோது மணி பதினொன்று நாற்பது. கோப்பின் அளவு 2 எம்பி. டேட்டா தீர்ந்திருந்தது, கணக்கில் காசு இல்லை, நிலாவெளி வீதியில் ரீலோட் கடைகள் பூட்டிவிட்டன. அறை நண்பர்கள் இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். கையிலிருந்த தொலைபேசி அந்த நேரத்தில் விடியும் வரை படம் காட்டத் தயாராக இருந்தது. 2 எம்பியை அனுப்ப அதனால் முடியவில்லை. தாமதத்துக்குப் புள்ளிகளைக் குறைத்தார்கள். விரிவுரையாளர் மீது எனக்குக் கோபம் இல்லை.

பொழுதுபோக்கிலும் இதே கதைதான். முன்பெல்லாம் மாலையில் மெக்கெய்சர் மைதானப் பக்கம் போவோம், அல்லது டச்பே கடற்கரையில் பந்து அடிப்போம். இப்போதும் அதே ஆறு பேர் அதே மணலில் இருக்கிறோம், ஆனால் ஆளுக்கொரு திரையோடு. அளவு வைத்த டேட்டா இருந்த காலத்தில் ஒரு ஆட்டத்தின் கோல்களை ஒருவன் தொலைபேசியில் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்துவோம். இப்போது ஒருவன் சிரித்தால் மற்றவன் ஏனென்று கேட்பதில்லை. 2024 ஒக்டோபரிலிருந்து யூடியூப்பின் குறுங்காணொளிகளான ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஒரு நிமிடமாக இருந்தபோதே எழும்ப முடியவில்லை.

தம்பி கேட்ட எடிட்டிங்குக்கு வருகிறேன். இதில் நான் நேர்மையாக இருக்க வேண்டும், ஏனென்றால் எனக்கு முதல் சம்பளம் வந்தது இந்த வழியில்தான். ஒலியை முன்னால் விட்டுக் காட்சியைப் பின்னால் கொண்டுவரும் வெட்டு ஒன்று இருக்கிறது. அதைக் காணொளியில்தான் பழகினேன். சென்ற ஆண்டு நகரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்காகச் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா) ஒன்றின் பதிவை வெட்டினேன். பிள்ளை அறைக்குள் கண்ணாடி முன்னால் அமர்ந்திருக்கிறாள், அம்மா பூவைச் சரிசெய்கிறார். காட்சி இன்னும் அறைக்குள்ளேயே இருக்க, வெளியில் தவில் தொடங்குகிறது. பிள்ளை தலையை நிமிர்த்துகிறாள். அதற்குப் பிறகுதான் பந்தலைக் காட்டினேன். ஸ்டூடியோக்காரர் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேசிய தொகைக்கு மேல் 1000 ரூபாய் சேர்த்துத் தந்தார். அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கினேன்.

ஆனால் தம்பி, அந்த வெட்டைப் பற்றி நான் பார்த்த காணொளிகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். முதல் தடவை என் கையால் வெட்டியது ஓராண்டு கழித்துத்தான். மென்பொருளை இறக்க டேட்டா இல்லை, பழகுவதற்கு மூலக்காட்சிகள் இல்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டே ஓராண்டைக் கழித்தேன். உண்மையில் தெரிந்தது, வளாக நூலக வைஃபையில் எல்லாவற்றையும் இறக்கி, ஒரு முழு விடுமுறையைக் கணினி முன்னால் கழித்த பிறகு.

சொந்தமாகச் சனல் தொடங்கிப் பிழைப்பது பற்றியும் கேட்டிருந்தாய். விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. ஐந்து நிமிடக் காணொளியைக் கடைசி வரை பார்ப்பவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் 48,000 தடவை பார்க்கப்பட வேண்டும். பிறகு வருமானம் 10 டொலரை எட்டும்போது முகவரியை உறுதிப்படுத்தும் இலக்கம் தபாலில் வரும், 100 டொலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். என் சனலில் பதினேழு காணொளிகளும் 214 சந்தாதாரர்களும் இருக்கிறார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் ஒரு விடியற்காலையில் எடுத்த காணொளிதான் அதில் எனக்குப் பிடித்தது. கனடாவிலிருந்து ஒரு பெரியவர் தன் தகப்பனாருடைய அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே வந்ததை நினைத்து அதன் கீழே எழுதியிருந்தார். அந்த ஒரு பின்னூட்டத்துக்காகவே நான் தொடர்ந்து எடுப்பேன். ஆனால் அதை வருமானம் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு கொடுத்த பக்கேஜுக்கு நான் நல்ல சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஸ்ட்ராங்கை என் அறைக்குக் கொண்டுவந்தது, அம்மாவின் சேலையைக் கொண்டுவந்தது. இருந்தாலும் சொல்கிறேன், போடாதே. அதே காசுக்கு எதற்கும் பயன்படும் டேட்டா குறைவாகத்தான் வரும். குறைவாகவே போடு. இந்த மாதம் 23ஆம் திகதி என்னுடையது முடிகிறது, நானும் அதைத்தான் போடப்போகிறேன்.

வெள்ளிக்கிழமை மூதூர் பஸ்ஸில் வருகிறேன். ஸ்ட்ராங்கின் வகுப்பு முழுவதையும் பென் டிரைவில் கொண்டுவருகிறேன். யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று அந்தக் கழகமே அனுமதித்திருக்கிறது. அக்காவின் பழைய மடிக்கணினியில் பாரமான மென்பொருள் ஓடாது, அதற்கு ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள் போதும். அதையும் போட்டுக்கொண்டு வருகிறேன். கூடவே கன்னியாவில் எடுத்து நான் பயன்படுத்தாமல் விட்ட முப்பத்தெட்டுத் துண்டுகள் இருக்கின்றன. ஒன்பதாவதில் ஒரு பாட்டி வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றுகிறார், தண்ணீர் விழும் சத்தம் நன்றாக வந்திருக்கிறது. அங்கிருந்து தொடங்கு.