ஸ்ப்லிட்டில் ஒரு அரைநாள்: வேகப்படகா, மரப்படகா, 37-ஆம் நம்பர் பஸ்ஸா?

குரோவேஷியாவின் ஸ்ப்லிட் நகரத்தில் ரீவா என்று ஒரு கடலோர நடைவீதி. ஒரு பக்கம் ரோமப் பேரரசர் டையோக்ளீஷியன் அரண்மனையின் தெற்குச் சுவர், மறுபக்கம் துறைமுகம், நடுவே பனைமரங்கள். கோடைக்காலத்தில் அங்கே பத்தடிக்கு ஒரு குடை, குடைக்குக் கீழே படகுச் சுற்றுலா விற்கும் ஒரு மேசை, எல்லா மேசையிலும் அச்சு அசலாக ஒரே படம்: அடிமணல் தெரிகிற பச்சைநீலத் தண்ணீர், அதன்மேல் காற்றில் நிற்பதுபோல ஒரு படகு. கீழே ‘நீல லகூன், ட்ரோகிர், அரைநாள்’ என்று எழுதியிருக்கும். நீச்சலும் ஆச்சு, ட்ரோகிர் என்ற பழைய நகரமும் ஆச்சு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

நான் இரண்டு தடவை இந்தப் படத்துக்கு மயங்கியவன். முதல் தடவை நண்பர்களோடு வேகப்படகில் போனேன். அடுத்த தடவை அப்பா, அம்மா, அக்காவோடு போனபோது ஒருநாள் மரப்படகு. இன்னொரு நாள் சுற்றுலாவே வேண்டாம் என்று நாங்களாகவே பஸ் ஏறினோம். மூன்றையும் அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றுக்கும் உண்மையான வித்தியாசம் சொகுசில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. எதில் போனாலும் அரைநாளில் கடல், ஊர் இரண்டில் ஒன்றுக்குப் பங்கு குறையும். எதற்குக் குறைந்தால் பரவாயில்லை என்று கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

முதலில் தூரத்தைப் பாருங்கள். நீல லகூன் என்று விற்கப்படும் இடம் ட்ர்வெனிக் வெலி என்ற தீவின் கிழக்குக் கோடிக்கும் க்ர்க்னாஷி என்ற இரண்டு குட்டித் தீவுகளுக்கும் இடையே இருக்கிற ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. அடியில் வெண்மணல், அதனால்தான் அந்த நிறம். ஸ்ப்லிட்டிலிருந்து ஏறக்குறைய 12 கடல் மைல். அங்கிருந்து ட்ரோகிருக்குச் சுமார் 7. ட்ரோகிரிலிருந்து திரும்பி வர மறுபடியும் ஒரு 12. ஆக மொத்தம் 30 கடல் மைலைத் தாண்டுகிறது. மணிக்கு 25 கடல் மைல் ஓடும் வேகப்படகுக்கு இது ஒன்றேகால் மணி நேர வேலை. 8 கடல் மைலில் ஊரும் மரப்படகுக்கு நாலு மணி நேரம். ஐந்து மணி நேரத்தை அரைநாள் என்று வைத்தால் மிச்சத்தை நீங்களே கழித்துக்கொள்ளலாம். மேசையில் இருப்பவர் இந்தக் கழித்தலைச் செய்து காட்டமாட்டார்.

வேகப்படகு

பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் சின்னப் படகு. சிலவற்றுக்கு இரண்டு பக்கமும் காற்றடைத்த ரப்பர் குழாய் இருக்கும். கிளம்பின அரைமணி, முக்கால் மணிக்குள் லகூனில் நங்கூரம் போட்டுவிடுவார்கள். நீச்சல் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காலையில் முதல் படகுகளில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் படத்தில் பார்த்த தண்ணீர் படத்தில் பார்த்த மாதிரியே இருக்கும். பத்தரை, பதினொன்றுக்குப் பிறகு அதே இடம் படகு நிறுத்துமிடம் ஆகிவிடும். ஒரு படகின் பாட்டும் இன்னொரு படகின் பாட்டும் மோதிக்கொள்ளும்.

ஏட்ரியாடிக் கடலில் உப்பு அதிகம். ஒரு லிட்டருக்கு 38 கிராம் அளவுக்கு இருக்கும். மல்லாந்து படுத்தால் உடம்பு லேசாகத் தூக்கிக்கொள்வது நன்றாகவே தெரியும். ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, உள்ளிழுக்கும் அலை கிடையாது. கோடை உச்சத்தில் தண்ணீரின் வெப்பம் 24, 25 டிகிரிவரை போகும். மே மாதம் போனவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு குதித்த கதையும் கேட்டிருக்கிறேன்.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இங்கே ‘நீச்சல்’ என்றால் படகிலிருந்து ஏணி வழியாக இறங்குவது. படகு நிற்கும் இடத்தில் கால் ஊன்ற முடியாத ஆழம். நம்மில் பாதிப் பேருக்குக் கடல் என்றால் முழங்கால்வரை நனைவதுதான். அவர்களுக்கு மிதவைச் சட்டை கொடுப்பார்கள், கயிறு போடுவார்கள், என்றாலும் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்கிற பயம் அதனால் போகாது. எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஏணியின் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டே முக்கால் மணி நேரமும் லகூனை ‘அனுபவித்தான்’. அந்த முக்கால் மணிக்கு அவன் கொடுத்த பணமும் எங்களுடையதும் ஒன்றுதான்.

இனி ட்ரோகிர். வேகப்படகுக்காரர்கள் இங்கே ஒரு மணி நேரம் தருவார்கள். சில நாள் ஐம்பது நிமிஷம்தான். எங்களுக்கு ஐம்பது. அதில் கழிப்பறை வரிசைக்குப் பத்து, ஐஸ்கிரீமுக்குப் பத்து. மீதி முப்பது நிமிஷத்தில், கிரேக்கர்கள் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் குடியேறி, பிறகு ரோமானியர், ஹங்கேரி அரசர்கள், வெனிசியர் என்று கைமாறி வந்த ஒரு நகரத்தைப் பார்க்க வேண்டும். யுனெஸ்கோ 1997-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர் இது. அளவில் சின்னது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிஷம் நடந்தால் போதும். ஓடிப் பார்த்துவிடலாம் என்று தோன்றுவதும் அதனால்தான்.

புனித லாரன்ஸ் பேராலயத்தின் மேற்கு வாசல் ஒன்றுக்கே அரைமணி தேவைப்படும். ரதோவான் என்ற சிற்பி 1240-இல் செதுக்கியது. இரண்டு பக்கமும் சிங்கங்கள், அவற்றின்மேல் ஆதாமும் ஏவாளும் கூச்சத்தோடு நிற்கிறார்கள். ஓரங்களில் மாதங்களுக்கு ஏற்ற வேலைகளைச் செய்யும் மனிதர்கள். இந்தக் கலையில் எல்லாரிலும் சிறந்தவன் ரதோவான் என்று லத்தீனில் கல்லிலேயே பொறித்திருக்கிறது. மனிதருக்குத் தன்னடக்கம் கொஞ்சம் குறைவுதான். வேலையைப் பார்த்த பிறகு சண்டைக்குப் போக மனசு வராது. மணிக்கோபுரத்தைக் கட்டி முடிக்கப் பல தலைமுறை ஆனதால் அடுக்குக்கு அடுக்கு பாணி மாறியிருக்கும். கீழிருந்து மேலே பார்வையை ஓட்டினாலே காத்திக் காலம் மறுமலர்ச்சிக் காலமாக மாறுவது தெரியும்.

இதே ஊரில் பெனடிக்டின் கன்னியர் மடத்தில் ஒரு கிரேக்கப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. பெயர் கைரோஸ், ஓடிப்போகும் நல்ல தருணத்துக்கான தெய்வம். முன்னால் மட்டும் முடி, பின்மண்டை மொட்டை; எதிரே வரும்போதே பிடித்துக்கொள்ள வேண்டும், கடந்துபோனால் பிடிக்க எதுவும் இல்லை. முதல் தடவை நான் அதைப் பார்க்கவில்லை. நேரம் இல்லை!

வேகப்படகில் இன்னொரு குறை, முதுகுக்கு. கடல் கொஞ்சம் எழும்பினாலும் படகு அலைக்கு அலை தட்டிக்கொண்டே போகும். முன்வரிசை விளையாட்டாக இருக்கும், ஆனால் இடுப்பு வலிக்காரரும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம். பின்வரிசையில் ஆட்டம் குறைவு, அதற்குப் பதில் தெறிக்கும் தண்ணீர் அதிகம்.

மரப்படகு

இதில் பயணமேதான் சுகம். நிழல் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, எழுந்து நடக்கலாம், அப்பா மாதிரி ஆட்கள் மேல்தளத்தில் உட்கார்ந்து தீவுகளை எண்ணிக்கொண்டு வரலாம். குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் முதலில் இதைத்தான் சொல்வேன். விலையும் தலைக்கு வேகப்படகைவிடக் குறையும்.

ஆனால் மேலே போட்ட கணக்கை மறந்துவிடாதீர்கள். 8 கடல் மைல் வேகத்தில் லகூனையும் ட்ரோகிரையும் அரைநாளில் முடிக்க வழியில்லை. ஒன்று நாள் முழுக்க ஆகும், இல்லையென்றால் ஒன்றைக் கழற்றிவிடுவார்கள், அல்லது லகூனுக்குப் பதில் பக்கத்தில் ச்சியோவோ தீவின் ஏதாவது ஒரு வளைகுடாவில் நிறுத்துவார்கள். அந்த வளைகுடாவும் அழகுதான். ஏமாற்றம் நாம் எதிர்பார்த்துப் போனதில் இருக்கிறது. நாங்கள் ஏறிய படகு ட்ரோகிரைக் கடலில் இருந்தபடியே காட்டிவிட்டுத் திரும்பியது. கமெர்லெங்கோ கோட்டை தெரிந்தது, எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். ‘ட்ரோகிர்’ என்று சீட்டில் போட்டிருந்ததே என்று கேட்டால், ‘பார்த்தீர்களே’ என்கிறார்கள். ஆகவே பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஊரில் இறக்கிவிடுவீர்களா, எத்தனை நிமிஷம்?

நாமே போவது

ஸ்ப்லிட்டிலிருந்து ட்ரோகிர் ரோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள். 37-ஆம் நம்பர் பஸ் கஷ்டெலா கரையோர ஊர்களை ஒவ்வொன்றாக நலம் விசாரித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இது துறைமுகத்திலிருந்து கிளம்பாது. சுகோயிஷான் என்ற இன்னொரு நிலையத்துக்குக் கால்மணி நடக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய பெரிய நிலையத்திலிருந்து வெளியூர் பஸ் பிடித்தால் இன்னும் சீக்கிரம். கடல் ஆசை விடவில்லை என்றால் கோடையில் ஸ்லாதினே என்ற ஊர் வழியாக ஒரு பயணியர் படகும் ட்ரோகிர் போகிறது. சுற்றுலாப் படகு இல்லை, மளிகைப் பையோடு ஊர்க்காரர்களும் ஏறும் படகு. எனக்கு இது மிகவும் பிடித்தது.

நீல லகூன் இந்த வழியில் கிடையாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ட்ரோகிரிலிருந்து ட்ர்வெனிக் வெலிக்குத் தீவுக் கப்பல் உண்டு. ஆனால் கப்பல் நிற்கும் ஊர் ஒரு பக்கம், லகூன் இன்னொரு கோடி. நாளுக்குச் சில தடவைதான் ஓட்டம். அரைநாளுக்கு அது ஒத்துவராது.

அதற்குப் பதில் ஒக்ருக் கோர்னி. ச்சியோவோ தீவில் நீளமான கூழாங்கல் கடற்கரை. ட்ரோகிர் கரையிலிருந்து கோடையில் சின்னப் படகுகள் விடுகிறார்கள். பாலம் இருப்பதால் வண்டியிலும் போகலாம். தண்ணீர் லகூன் அளவுக்கு மாயம் காட்டாது, கூட்டமும் உண்டு. ஆனால் கரையிலிருந்து படிப்படியாக இறங்கலாம், இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாம், வேண்டும்போது வெளியே வரலாம். என் அக்காவுக்கு நீச்சல் தெரியாது. அன்று இரண்டு மணி நேரம் தண்ணீரைவிட்டு வரமாட்டேன் என்றாள். வேகப்படகு ஏணியில் தொங்கிய நண்பனை நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கும் இரண்டு மணி நேரம் கிடைத்தது. கைரோஸை அன்றுதான் பார்த்தேன். செலவு? மூன்று பேர் வேகப்படகில் போகும் பணத்தில் நாலு பேர் சாப்பாட்டோடு போய்வந்தோம். 2023 ஜனவரி 1 முதல் அங்கே யூரோதான். பழைய பதிவுகளில் குனா என்ற பழைய நாணயத்தில் இருக்கும் விலையை வகுத்துப் பார்த்துக் கனவு காணாதீர்கள்.

எது முதலில், எந்த வேளையில்

இதை யாரும் பேசுவதில்லை, ஆனால் பாதி வெற்றி இதில்தான். படகுச் சுற்றுலாக்களில் பெரும்பாலும் முதலில் நீச்சல், பிறகு ஊர். உடம்பில் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருக்க, ஈரம் கசகசக்க, உச்சி வெயிலில் வெள்ளைக்கல் சந்துகளில் நடக்க வேண்டும். தோளும் தொடையும் தெரிகிற உடையோடு தேவாலயத்துக்குள் விடவும் மாட்டார்கள். ரதோவான் வாசல் முன்மண்டபத்துக்குள் இருப்பதால் அங்கே மட்டும் நிழல் உண்டு. நாமே போனால் வரிசையை மாற்றலாம்: எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் ஏறுமுன் ஊர், பிறகு கடல், அப்படியே ஈரத்தோடு திரும்பல்.

படகு என்றால் காலைப் படகுதான். காரணம் காற்று. கோடை நாட்களில் மாயெஸ்ட்ரல் என்ற வடமேற்குக் காற்று முற்பகலில் எழுந்து, பிற்பகலில் வலுத்து, சூரியன் சாயும்போது அடங்கும். காலையில் எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்த கடல் இரண்டு மணிக்குச் சிற்றலையாகக் கொதிக்கும். வேகப்படகில் அதன் அருமை முதுகெலும்புக்குத் தெரியும். தென்கிழக்கிலிருந்து யூகோ என்ற காற்று வீசுகிற நாள் என்றால் எந்தப் படகும் வேண்டாம், பஸ்தான். பிற்பகல் படகுக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம்: ட்ரோகிரில் மாலை வெளிச்சம். கல் தேன் நிறமாகும். அதற்காக மட்டும் ஒருவர் பிற்பகலைத் தேர்ந்தெடுத்தால் நான் மறுக்கமாட்டேன்.

எதில் போனாலும் தண்ணீருக்குள் போடும் ரப்பர் செருப்பு அவசியம். அங்கே பாறைக் கரைகளில் கடல் முள்ளெலி உண்டு, முள் ஏறினால் அன்றைய நாள் முடிந்தது. பெரிய டவலைவிட நம்ம ஊர்த் துண்டு மேல். அரைமணியில் காய்ந்துவிடும், தேவாலய வாசலில் தோளுக்கும் உதவும்.

என் தீர்ப்பு கேட்டால்: நன்றாக நீந்துபவர்கள், ஊர் சும்மா கண்ணில் பட்டால் போதும் என்பவர்கள், காலை வேகப்படகு. பெரியவர்களோடு கடலில் ஒரு பொழுது வேண்டும் என்றால் மரப்படகு; ட்ரோகிரை அந்த நாள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நீச்சல் தெரியாதவர் ஒருவராவது கூட்டத்தில் இருந்தால், அல்லது கல்லில் செதுக்கியதை நின்று பார்க்கும் பழக்கம் இருந்தால், பஸ். நான் மூன்றாம் தடவை போனாலும் பஸ்தான். ஸ்ப்லிட் திரும்பும் 37-இல் வழியில் விமான நிலையத்தில் பெட்டிகளோடு ஒரு கூட்டம் ஏறும், நிற்கக்கூட இடம் இருக்காது. ட்ரோகிரில் ஏறும் நமக்கு அதற்கு முன்பே ஜன்னலோரம் கிடைத்திருக்கும்.