ஹாபிட்டிகாவா, சோர் வார்ஸா?

அன்றாட வேலைகளை மாயாஜால சாகசமாக மாற்றும் இணைய விளையாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இந்த இரண்டும்.

2007இல் வந்த சோர் வார்ஸ் வீட்டுக்கானது. பாத்திரம் கழுவினால் எத்தனை புள்ளி, குப்பை கொட்டினால் எத்தனை என்று வீட்டாரே முடிவு செய்துகொள்ளலாம். வேலையை முடித்துப் பதிவு செய்தால் அனுபவப் புள்ளி சேரும். வழியில் அரக்கனும் வரலாம், புதையலும் கிடைக்கலாம். யார் முந்துகிறார் என்ற போட்டிதான் இதன் உயிர்.

2013இல் ஹாபிட்ஆர்பிஜி என்ற பெயரில் தொடங்கிய ஹாபிட்டிகா இன்னும் ஆழமானது. பழக்கங்கள், தினசரிக் கடமைகள், ஒருமுறை முடிக்கும் வேலைகள் என்று மூன்று பட்டியல்கள். தினசரிக் கடமையைத் தவறவிட்டால் உயிர்ப்புள்ளி குறையும். 50 புள்ளியும் தீர்ந்தால் ஒரு நிலை இறங்கும், சேர்த்த தங்கமும் போய்விடும். 10ஆம் நிலையில் போர்வீரன், மந்திரவாதி, மருத்துவன், கள்வன் என ஒரு கதாபாத்திர வகையைத் தேர்ந்தெடுக்கலாம். குழுவாகப் பெரிய அரக்கனோடு மோதும்போது, ஒருவர் கடமையைத் தவறவிட்டாலும் எல்லோருக்கும் அடி விழும். என்னைப் பொறுத்தவரை இதன் மிகச் சிறந்த அம்சமே அதுதான். தனக்காக எழுந்திரிக்காதவர்கூட நண்பனுக்காக எழுந்துவிடுவார்!

சரி, எதை எடுப்பது? வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சோர் வார்ஸ். படிப்பு, உடற்பயிற்சி, எழுத்து என்று சொந்த இலக்குகள் இருந்தால் தயங்காமல் ஹாபிட்டிகா. ஆனால் முதல் வாரத்தில் மூன்று தினசரிக் கடமைகளுக்கு மேல் வேண்டாம்.