குதிரையோடு கணக்கு: மேலே உட்கார்ந்தா, கீழே நின்றா?

குதிரையேற்றம் பழகும் பிள்ளைக்கு அதை வைத்தே கணக்கும் சொல்லித்தரலாம். எங்கே வைத்துச் சொல்லித்தருவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் சேணத்தின் மேல். குதிரை வாக், அதாவது மெல்ல நடை, போகும்போது கால்கள் ஒரு முறை மாறி வருவதற்குள் நான்கு குளம்படிச் சத்தம், ட்ராட் என்ற துள்ளுநடையில் இரண்டு, கேண்டர் என்ற மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில் மூன்று. ஆறு வயதுப் பிள்ளைகூட உடம்பால் உணர்ந்து எண்ணிவிடும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 20க்கு 40 மீட்டர் மைதானத்தை மூன்று சுற்று வந்தால் எத்தனை மீட்டர் என்று ட்ராட்டில் போகும் குழந்தையிடம் கேட்டால், 360 வருவதற்குள் கடிவாளம் தளர்ந்திருக்கும். விழுந்தால் கணக்கின் மேலும் பயம், குதிரையின் மேலும் பயம்.

லாயம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். 500 கிலோ குதிரைக்கு அதன் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது நாளைக்கு 10 கிலோ காய்ந்த புல். காலை 3, மதியம் 3, இரவுக்கு எவ்வளவு? பிள்ளையே தராசில் நிறுத்துப் போடட்டும். கொள்ளும் தானியமும் அளவு மீறினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பெரியவர் ஒருவர் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். குதிரையின் உயரக் கணக்கை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஒரு 'ஹேண்ட்' என்பது 4 அங்குலம், 14.2 என்றால் 14 ஹேண்ட் 2 அங்குலம், மொத்தம் 58 அங்குலம். 14.3க்கு அடுத்தது 15. தசமம் இப்போதுதான் படிக்கிற பிள்ளை இதில் குழம்பிப்போகும்.

பத்து வயதுக்கு மேல் என்றால் என் ஓட்டு மூன்றாவது வழிக்குத்தான்: குதிரை தாண்டும் இரண்டு தடைகளுக்கு இடையே நடந்து அளப்பது. கேண்டரில் குதிரையின் ஒரு பாய்ச்சல் சுமார் 12 அடி. பெரியவர் எட்டி வைக்கும் ஒரு எட்டு 3 அடி என்றால், நான்கு எட்டு ஒரு பாய்ச்சல். இடைவெளி 48 அடி, 16 எட்டு. நான்கால் வகுத்தால் 4. முதல் தடையைத் தாண்டி இறங்க 6 அடி, அடுத்ததற்கு எழும்ப 6 அடி போக மிச்சம் மூன்று பாய்ச்சல். பிள்ளையின் எட்டு சின்னது. அதை டேப் வைத்து அளந்துகொள்வதே தனிப் பாடம். போனி எனும் சின்ன வகைக் குதிரை என்றால் பாய்ச்சலும் குறையும், எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும்.

அப்புறம் பழகிய ஒருவர் அந்தத் தடைகளைத் தாண்டும்போது ஓரமாக நின்று எண்ணச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, தாவல். விடை சரியா என்று குதிரையே காட்டிவிடும்.