கொழும்பு டச்சு ஹொஸ்பிட்டல்: கட்டடத்துக்கு நிறைந்த புள்ளி, கடைத்தெரிவுக்குக் குறைந்த புள்ளி

கொழும்பு கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு எதிரே தாழ்வான ஓட்டுக் கூரையுடன் நிற்கும் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக்கு இன்று மருந்து தேடி எவரும் வருவதில்லை. முச்சக்கர வண்டிக்காரரிடம் ‘டச்சு ஹொஸ்பிட்டல்’ என்று சொன்னால், சாப்பாட்டுக் கடைகள் உள்ள இடம் என்று விளங்கிக்கொண்டு வண்டியை எடுப்பார். அந்தக் கடைகளைப் பற்றிய மதிப்புரைகள் ஏராளமாக வந்துவிட்டன. பாவனையின்றிக் கிடந்த ஓர் அரச கட்டடத்தை விற்காமலும் இடிக்காமலும் திருத்திக் கடைகளுக்கு விட்ட ஏற்பாடு, அங்கே போகும் சாதாரண வாடிக்கையாளருக்கு எந்த அளவில் பயன்படுகிறது என்பதை இங்கே மதிப்பிடுகிறேன். நண்டும் வரும், அதைச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றி எழுத முடியாது.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தன் உத்தியோகத்தரையும் கப்பலில் நோயுற்று வந்திறங்கிய ஆட்களையும் கவனிப்பதற்காகத் துறைமுகத்துக்கு அண்மையில் இந்த வைத்தியசாலையை நடத்தியது. அந்தக் கம்பனியில் பணியாற்றிய ஜெர்மானியரான கிறிஸ்தோபர் சுவைட்சர் 1681ஆம் ஆண்டளவில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார் என்பதால், கோட்டைக்குள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்றாக இது கொள்ளப்படுகிறது. பிரித்தானியர் காலத்துக்குப் பின் கட்டடம் பல கைகள் மாறியது. மருந்து வணிக நிறுவனம் ஒன்று சில காலம் இங்கே இருந்தது. 1980களில் கோட்டைப் பொலிஸ் நிலையம் குடியேறியது. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியின் மீது நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதலில் அயலிலிருந்த இந்தக் கட்டடமும் சேதமடைந்தது. அதன் பின்னர், வீதித் தடைகளும் சோதனைச் சாவடிகளும் நிறைந்த கோட்டைக்குள் அலுவல் இல்லாதவர் கால்வைக்கத் தயங்கிய ஆண்டுகளில், இது சீரழிந்து கிடந்தது. போர் முடிந்தபின் நகர அபிவிருத்தி அதிகார சபை திருத்த வேலைகளை மேற்கொண்டு, 2011 டிசம்பரில் கடைத்தொகுதியாகத் திறந்தது.

திருத்த வேலையைப் பற்றி எனக்குக் குறைசொல்ல அதிகம் இல்லை. ஐந்து நீண்ட கட்டடப் பகுதிகள் இரண்டு முற்றங்களைச் சுற்றி நிற்கும் பழைய அமைப்பை அப்படியே விட்டிருக்கிறார்கள். மாடி எழுப்பவில்லை, முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடவில்லை, வாசலில் தானாகத் திறக்கும் கதவு வைக்கவில்லை. நம் நாட்டில் அரச பணத்தில் நடக்கும் ‘நவீனமயமாக்கல்’களைப் பார்த்தவர்களுக்கு இந்த அடக்கம் எவ்வளவு அரிது என்று தெரியும். ஏறத்தாழ 20 அங்குலம் தடித்த சுவர்கள் உச்சிவெயிலிலும் உள்ளறைகளை வெக்கையிலிருந்து காக்கின்றன. தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணாந்து பார்த்தால், ஒரு மனிதன் இரு கைகளாலும் கட்டிப்பிடிக்கத் தக்க தேக்கு உத்தரங்கள் தெரியும். இவற்றுக்கு மேல் பொய்க்கூரை அடித்து, குளிரூட்டியின் குழாய்களை ஓடவிட்டு மறைத்திருந்தால் கேட்பார் இருந்திருக்க மாட்டார்கள். மறைக்காமல் விட்டவர்களுக்குத் தனியாக ஒரு புள்ளி கொடுக்க வேண்டும்.

கடைகளில் பெயர்பெற்றது மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப். சமையற் கலைஞர் தர்சன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்களான குமார் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் சேர்ந்து, கட்டடம் திறக்கப்பட்ட அதே 2011 டிசம்பரில் தொடங்கிய உணவகம் இது. நம் களப்புகளில் பிடிபடும் பெரிய நண்டுகளில் தரமானவை நெடுங்காலமாகச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகி, அங்கே ‘ஸ்ரீலங்கா நண்டு’ என்ற பெயரில் புகழ்பெற்றிருக்க, உள்ளூரில் அவற்றைக் காண்பதே அரிதாக இருந்தது. அந்த நண்டை இங்கேயே தட்டில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது, கடையும் அதை ஒழுங்காகச் செய்கிறது. நண்டு அரைக் கிலோவிலிருந்து நிறைப்படி வகைபிரிக்கப்பட்டு விற்கப்படுகிறது; இரண்டு கிலோவை எட்டும் நண்டுக்கு ஓர் அரக்கப் பெயரும் வைத்திருக்கிறார்கள். நான் சாப்பிட்டது மிளகு நண்டு. இடித்த மிளகு வாயில் நெரிபடும் பதத்தில் இருந்தது. காரம் தொண்டைக்குப் போகாமல் நாக்கிலேயே நின்றது. சாற்றை வழித்தெடுக்கப் பாண் தருகிறார்கள். முருங்கையிலை போட்டு, அரைத்த தூளின் வாசம் தெருமுனை வரை வரும் யாழ்ப்பாணத்து நண்டுக் குழம்பில் வளர்ந்தவர்களுக்கு இது வேறொரு சாப்பாடு என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. விலை உயர்வானது; அதைப் பட்டியலில் ஒளிக்காமல் போடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, யாராவது வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும்போது போகிற கடை.

என் மனக்குறை தொடங்குவதும் விலையில்தான். ஆனால் அது இந்த உணவகத்தின் மீதான குறை அல்ல. தனியார் கடை தன் பண்டத்துக்குத் தன் விலையை வைக்கும். வேலைநாளில் நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு முற்றத்தில் நின்று பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். சுற்றியுள்ள வங்கிகளிலும் திணைக்களங்களிலும் காப்புறுதிக் கம்பனிகளிலும் வேலைசெய்யும் பெருங்கூட்டம் அந்நேரம் வீதியில் இறங்கிவிடும். அவர்களில் பலர் சோற்றுப் பொதியைக் கையில் தொங்கவிட்டபடி, கழுத்தில் அடையாள அட்டையுடன், இந்த முற்றத்தின் நிழலில் நடந்து மறுபுறம் போய்விடுகிறார்கள். ஒருவரும் நிற்பதில்லை. உள்ளே தேநீரும், கைத்தறித் துணியும், வாசனைத் தைலங்களும், மாலையில் மதுபானமும் கிடைக்கின்றன; ஓர் எழுதுவினைஞர் நாள்தோறும் வாங்கக்கூடிய ஒரு பிளேன் டீ, இரண்டு வடை, ஒரு சோற்றுப் பொதி கிடைப்பதில்லை. அரச சம்பளம் வாங்குபவருக்கு, அரச கட்டடம் ஒன்று வழிப்பாதையாக மட்டும் பயன்படுகிறது.

பழைய கட்டடத்தைத் திருத்தச் செலவான தொகையை வாடகையில் மீட்க வேண்டும் என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மிகக் கூடிய வாடகை தரக்கூடியவர் யார் என்ற ஒரே கேள்வியோடு இடத்தைப் பங்கிட்டால், சுற்றுலாப் பயணியையும் மதுபானத்தையும் நம்பிய கடைகள் மட்டுமே அந்த வாடகையைத் தாங்கும். எல்லா வாடகையாளரும் ஒரே வகைக் கடைக்காரர் ஆகிவிடுவார்கள். அதன் ஆபத்தை நாம் கண்முன்னே பார்த்தோம். 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள், 2020இல் பெருந்தொற்று, 2022இல் எரிபொருள் வரிசையும் பொருளாதார நெருக்கடியும் என்று அடுத்தடுத்து வந்த அடிகளில் சுற்றுலாப் பயணி வராமற்போனபோது, இப்படிப்பட்ட கடைத்தொகுதி ஒன்றில் எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் வாடின. அயலில் வேலைசெய்பவர் அந்த ஆண்டுகளிலும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். கட்டடம் மீண்டும் வெறுமையாகாமல் காப்பதற்கு அவரும் ஒரு வாடிக்கையாளராக இருப்பது நல்லது என்று வீட்டுக்காரரான அரசு கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கான மாதிரியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. விவசாயத் திணைக்களம் நடத்தும் ‘ஹெல போஜுன்’ உணவுக்கூடங்களிலும், வடக்கில் ‘அம்மாச்சி’ என்ற பெயரில் திருநெல்வேலியில் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவிய உணவகங்களிலும், உள்ளூர்ப் பெண்கள் சிறு கடைகளை எடுத்துக்கொண்டு அப்பமும் தோசையும் இலைக்கஞ்சியும் பழச்சாறும் மலிவாக விற்கிறார்கள். டச்சு ஹொஸ்பிட்டலின் பின்முற்றத்தில் ஒரேயொரு பகுதியை அப்படி ஒதுக்கினால் மொத்த வாடகையில் விழும் ஓட்டை சிறியது. நண்பகலில் அந்த முற்றம் நிறைந்திருக்கும். மாலை வேளையில் மட்டும் உயிர்பெறும் தொகுதிக்குப் பகலும் கிடைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க, அரசு இதே காலத்தில் இதே முறையில் திருத்திய ஆர்கேட் இன்டிபென்டன்ஸ் ஸ்குவெயருக்கும் போனேன். கறுவாத்தோட்டத்தில், சுதந்திரச் சதுக்கத்தின் அருகே, 1880களில் மனநோயாளர் வைத்தியசாலையாகக் கட்டப்பட்ட பெரிய கட்டடம் அது. நோயாளர்கள் 1920களில் அங்கொடைக்கு மாற்றப்பட்ட பின் பல அலுவலகங்களுக்கு இடம்கொடுத்து, பின்னர் நெடுங்காலம் கணக்காய்வாளர் தலைமை அதிபதி திணைக்களமாக இருந்து, 2014இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. அரச செலவுகளைத் தணிக்கை செய்யும் திணைக்களத்தையே எழுப்பிவிட்டு அதன் கூரையின் கீழ் துணிக்கடை வைத்த துணிச்சலை என்னால் இரசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்த வெள்ளை வளைவுகளும் நீண்ட தாழ்வாரங்களும் அழகானவை. புல்தரையும் நீரூற்றும் நன்கு பராமரிக்கப்படுகின்றன. ஆனால் அளவுக்கு மீறித் துடைத்து மினுக்கப்பட்ட இடம் அது. டச்சு ஹொஸ்பிட்டலில் சுவரைத் தொட்டால் அதன் வயது தெரியும். இங்கே சுவர் நேற்றுக் கட்டியது போல இருக்கிறது. ஒரு விடயத்தில் மட்டும் ஆர்கேட் முந்துகிறது: எதையும் வாங்காதவரும் அங்கே தாராளமாகத் தங்கலாம். மாலையில் சதுக்கத்தில் நடைபயிற்சிக்கு வரும் குடும்பங்கள் பிள்ளைகளைப் புல்லில் ஓடவிட்டு, ஓர் ஐஸ்கிரீமோடு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போகின்றன. கோட்டையில் அந்தச் சுதந்திரம் கதிரைக்குக் கதிரை ஒரு கடைக்குச் சொந்தமாகி மறைந்துவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும், திருத்தாமல் விடப்பட்டவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே நல்ல பிள்ளைகள். டச்சு ஹொஸ்பிட்டலிலிருந்து சிறிது நடந்தால் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே பழைய பொதுத் தபாலகம் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் கட்டப்பட்ட, தூண்கள் நிறைந்த அந்தப் பெருங்கட்டடத்திலிருந்து பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தபாலகம் 2000ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்டது. அதை என்ன செய்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அரசுகள் யோசனை சொல்லிக்கொண்டிருந்தன. 2021இல் செலெந்திவா என்ற அரச நிறுவனத்தின் கீழ் வேறு பெறுமதிமிக்க சொத்துகளோடு அதையும் முதலீட்டுக்குக் காட்டியபோது எதிர்ப்பும் கிளம்பியது. வடக்கே வந்தால் யாழ்ப்பாணத்தில் பழைய பூங்காவை ஒட்டிய பழைய கச்சேரி, அதாவது அந்நாளைய மாவட்ட நிர்வாக அலுவலகம், இருக்கிறது. போரில் கூரை இழந்த அதன் சுவர்களுக்குள் மரங்கள் முளைத்து, வேர்கள் கல்லைப் பிளந்துகொண்டிருக்கின்றன. காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றுக்கும் நம் பாட்டன்மார் வரிசையில் நின்ற இடம் அது. அங்கே நண்டுக் கடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அம்மாச்சி ஒன்று போதும், மீதியை மாவட்டத்தின் பழைய ஆவணங்களைக் காட்சிக்கு வைக்கும் கூடமாக்கலாம். கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தின் இடிபாட்டைப் பிடித்து நிறுத்த முடிந்த கைகளுக்கு இது முடியாத வேலை அல்ல.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து யோர்க் வீதி வழியாக நடந்தே வரலாம். வழியில் கார்கில்ஸின் செங்கட்டடத்தையும் பார்த்துக்கொள்ளலாம். கட்டடத்தைப் பார்ப்பதே நோக்கமென்றால் வேலைநாளில் முற்பகல் பதினொரு மணியளவில் வாருங்கள்: கடைகள் திறந்திருக்கும், கூட்டம் இராது, தாழ்வாரத்தில் ஒரு தேநீரோடு உட்கார்ந்து உத்தரங்களைப் பார்க்கலாம். இரவில் விளக்கொளியில் முற்றம் அழகாக இருக்கும், ஆனால் இசையின் சத்தத்தில் பேச முடியாது. வயதானவர்களை அழைத்துப் போவதானால் இதைக் கவனியுங்கள். நண்டு சாப்பிடுவதென்றால் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். இரண்டு பேருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த நண்டு ஒன்று தாராளம்; பாணை முதலிலேயே தின்று தீர்க்காமல் சாற்றுக்கு மிச்சம் வையுங்கள்.